குற்றவாளி இல்லாத இடத்தில் கடனாளி யார்?

ஒரு நிலத்திலே நஞ்சு ஊறிவிட்டது. அதை ஊற்றியவர்களுள் எவரும் சட்டத்தை மீறவில்லை. விற்றவன் அரசாங்கத்தின் அனுமதியோடு விற்றான். வாங்கியவன் பயிரைக் காப்பதற்காக வாங்கினான். விளைந்ததை உண்டவன் மலிவாகக் கிடைத்ததென்று மகிழ்ந்து உண்டான். ஐம்பது ஆண்டுகள் சென்றபின் அந்நிலம் பாழ்பட்டுவிட்டதென்று தெரியவருகிறது. இனி அதைத் திருத்தி, மக்கள் உலாவி இளைப்பாறும் வெளியாக மாற்ற வேண்டும். இதற்கு யார் பொறுப்பு? செலவை ஏற்பவர் யார்? அந்த மண்ணிலே வேலைசெய்து தேகம் கெட்டவனுக்குப் பதில் சொல்பவர் யார்? "நான் தவறொன்றும் செய்யவில்லையே" என்று எல்லோரும் கையை விரித்துவிட்டால் காரியம் அத்துடன் முடிந்துவிடுமா?

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், அப்பொப்கா என்னும் ஏரியின் வடகரையில், இக்கேள்வி உண்மையாகவே எழுந்தது. இன்றுவரை அதற்கு முழுமையான விடை கிடைக்கவில்லை. அங்கு நடந்ததை முதலில் உள்ளபடி பார்ப்போம். நீதி அநீதியை அதன்பின் ஆராய்வோம்.

சதுப்பு நிலம் வயலாயிற்று

அப்பொப்கா ஏரி ஒர்லாண்டோ நகரத்துக்கு வடமேற்கே இருப்பது. முப்பதினாயிரம் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பெரிய நீர்நிலை. ஒரு காலத்தில் தெளிந்த நீருக்கும் பாஸ் என்னும் மீனுக்கும் அது பெயர்பெற்றிருந்தது. தூண்டில் போடுவதற்கென்றே தூர இடங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்கள் தங்குவதற்குக் கரையோரத்தில் விடுதிகள் பல இருந்தன. ஏரியின் வடபால் கோரைபோன்ற புல் அடர்ந்த பெருஞ் சதுப்பு நிலம் பரந்து கிடந்தது.

1941இல் மாநிலச் சட்டமன்றம் செல்வூட் என்ற ஊரின் பெயரால் ஒரு வடிகாற் சபையை அமைத்தது. அது உலக யுத்த காலம். உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டுமென்பதே எங்கும் பேச்சாக இருந்தது. ஏரிக்கும் சதுப்புக்கும் நடுவே நீண்ட அணையொன்றை எழுப்பினார்கள். நீரை இறைத்து வெளியேற்றினார்கள். இவ்வாறு காலப்போக்கில் ஏறக்குறைய 20,000 ஏக்கர் நிலம் உழவுக்கு வந்தது.

அந்த மண் சாதாரண மண்ணன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீருக்கடியில் புல்லும் பூண்டும் மக்கிப் படிந்த கரிய மண். சோளமும் கரட்டும் செலரியும் சலாதும் முள்ளங்கியும் அதிற் செழித்து விளைந்தன. ஒரே வயலில் ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் எடுக்க முடிந்தது. செல்வூட் சோளம் என்றால் அந்தப் பகுதியெங்கும் தனி மதிப்பு.

ஆனால் இத்தகைய மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. நீருக்குள் இருக்கும்வரை அது நிலைத்திருக்கும். நீரை வடித்துக் காற்றுப்படச் செய்தால் மெல்ல உக்கிக் கரைந்து, ஆண்டுதோறும் தாழ்ந்துகொண்டே போகும். எனவே வயல்கள் ஏரி மட்டத்துக்குக் கீழே இறங்கின. மழை பெய்தால் வயல்நீரை இறைத்து ஏரிக்குள் விடவேண்டும். அந்த நீரோடு உரச்சத்தாகிய பொசுபரசும் ஏரிக்குட் சென்றது. 1947இலேயே நீர் பச்சைநிறமாகப் பாசி பிடித்ததென்று பதிவாகியிருக்கிறது. நாளடைவில் அடியில் வளர்ந்த தாவரங்கள் வெளிச்சமின்றி அழிந்தன. பாஸ் மீன் குறைந்தது. தூண்டிற்காரர் வரவு நின்றது. விடுதிகள் மூடப்பட்டன.

கண்ணுக்குத் தெரிந்த கேடு பாசி. கண்ணுக்குத் தெரியாத கேடு வேறொன்று. பயிருக்கு வரும் பூச்சியைக் கொல்ல டி.டி.ரி., ரொக்சாபீன், டீல்திரின், குளோர்டேன் முதலிய மருந்துகளை ஆண்டுக்கணக்காகத் தெளித்தார்கள். டி.டி.ரி. நம் வாசகருக்கும் தெரியாத பெயரன்று. இலங்கையில் மலேரியா நுளம்பை ஒழிக்க வீட்டுச் சுவர்களில் அது அடிக்கப்பட்டதை முதியவர்கள் இன்றும் நினைவுகூருவார்கள். இம்மருந்துகள் நீரிலே எளிதிற் கரைவதில்லை. மக்கிய மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். உயிர்களின் உடலுக்குட் புகுந்தால் கொழுப்பிலே தங்கிவிடும். சிறு புழுவிலுள்ளது சிறு மீனிற் சேரும். சிறு மீனிலுள்ளது பெரிய மீனிற் சேரும். அதை உண்ணும் பறவையில் இன்னும் பன்மடங்காகப் பெருகும். அமெரிக்காவில் டி.டி.ரி. 1972இல் தடைசெய்யப்பட்டது. மற்றவையும் பின்னர் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. தடைச் சட்டம் கடையிலிருந்த மருந்தைத்தான் அகற்றியது. மண்ணிலிருந்த மருந்து மண்ணிலேயே இருந்தது.

நல்ல நோக்கம் தந்த படிப்பினை

ஏரியைக் காப்பாற்ற வேண்டுமானால் வயல்நீர் அதற்குள் விழுவதை நிறுத்தவேண்டும் என்பது தெளிவாயிற்று. 1996இல் மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, வடகரைக் கமங்களை விலைகொடுத்து வாங்கத் தீர்மானித்தது. சென்ட் ஜோன்ஸ் ஆற்று நீர் முகாமைச் சபை இவ்வேலையைப் பொறுப்பேற்றது. மத்திய அரசாங்கத்தின் விவசாயப் பகுதியும் பங்குகொண்டது. செலவு ஏறக்குறைய 10 கோடி டொலர். 1998ஆம் ஆண்டின் நடுப்பகுதியோடு பயிர்ச்செய்கை பெரும்பாலும் ஓய்ந்தது. வயலை மறுபடியும் சதுப்பு நிலமாக்கி, பறவைகளும் மீன்களும் வாழும் இடமாகவும் மக்கள் வந்து பார்த்து மகிழும் இடமாகவும் ஆக்குவதே நோக்கம்.

இந்நோக்கத்தைக் குறைகூற எவராலும் முடியாது. நிலத்தை வாங்குமுன் மண்ணைச் சோதித்தார்கள். ஆபத்து எவ்வளவென்று கணித்தார்கள். நாளடைவில் பறவைகளின் இனப்பெருக்கத்துக்குச் சிறிது பாதிப்பு வரக்கூடும், உடனடிச் சாவு நேராது என்பதே அக்கணிப்பின் போக்கு. அவ்வாறே 1998இன் பிற்பகுதியில் வயல்கள் பரந்த அளவில் ஆழமின்றி நீர் நிரம்பிக் கிடந்தன.

பறவைகள் திரள் திரளாக வந்தன. அவ்வருடம் டிசெம்பரில் நடந்த கணக்கெடுப்பில் ஒரே நாளில் 174 இனப் பறவைகள் காணப்பட்டன. கடற்கரை சாராத ஓரிடத்துக்கு அது வியக்கத்தக்க எண்ணிக்கை. பறவை ஆர்வலர் கொண்டாடினார்கள். ஆனால் கொண்டாட்டம் நீடிக்கவில்லை. வெள்ளைக் கூழைக்கடாக்கள் நடுநடுங்கி விழுந்து செத்தன. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதுபோல, நீர் விட்ட நிலத்திலிருந்து நஞ்சு எழுந்து வந்தது. வாய்க்கால்களிலிருந்த மீன்கள் புதிய நீரிலே பெருகிப் பரவின. அவற்றின் உடலில் மருந்து செறிந்திருந்தது. பறவைகள் அவற்றை வயிறார உண்டன. அந்தப் பருவத்தில் அங்கே மடிந்தவை 676 பறவைகள் என்று கணக்கிட்டார்கள். அவற்றுள் 441 கூழைக்கடாக்கள். எஞ்சியவற்றுள் நாரையினமும் கொக்கினமும் பல. அருகிவரும் இனமென்று அப்போது சட்டப் பாதுகாப்புப் பெற்றிருந்த ஒருவகை நாரையும் அவற்றுள் அடங்கும்.

1999இன் தொடக்கத்தில் நீரை அவசரமாக வடித்தார்கள். மத்திய அதிகாரிகள் விசாரணை தொடங்கினார்கள். செத்த பறவைகளின் மூளையை எடுத்து ஆய்வுகூடத்திற் சோதித்தார்கள். ரொக்சாபீனும் டீல்திரினும் டி.டி.ரி.யின் சிதைபொருளுமே காரணமென்று கண்டார்கள். விசாரணை 2003இல் சபைக்கும் மத்திய அரசுக்குமிடையே ஓர் உடன்பாடாக முடிந்தது.

எவ்வளவு சுத்தம் போதுமான சுத்தம்?

இதற்குப்பின் சபை பொறுமையைக் கற்றுக்கொண்டது. பல ஆண்டுகள் ஆராய்ச்சி நடந்தது. மேல்மண்ணிலேதான் நஞ்சு மிகுதி என்பதால், அதற்கெனச் செய்வித்த பெருங் கலப்பைகளைக்கொண்டு சுமார் 4,000 ஏக்கரை மூன்றடி ஆழம்வரை புரட்டி, மேல்மண்ணைக் கீழும் கீழ்மண்ணை மேலுமாக்கினார்கள். 2009அளவில் அவ்வேலை நிறைவுற்றது. பின்னர் நிலத்தைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒன்றிலே நீர் விட்டு, மீனைப் பிடித்துச் சோதித்து, நன்றென்று கண்டபின் அடுத்ததில் விட்டார்கள். 2015 மே மாதம் 11 மைல் நீளமான பாதையொன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வாரவிறுதியில் குடும்பங்கள் மோட்டார் காரில் மெல்ல ஊர்ந்து, முதலையையும் நாரையையும் பிள்ளைகளுக்குக் காட்டிச் செல்கின்றன. அங்கே இதுவரை 360க்கு மேற்பட்ட பறவை இனங்கள் காணப்பட்டிருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நஞ்சை அகற்றவில்லை, இடம்மாற்றிப் புதைத்தார்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இத்தனை ஆயிரம் ஏக்கர் மண்ணை அள்ளிக் கொண்டுபோய் வைக்க இடமேது? வைத்தால் அந்த இடம் கெடாதா? ஆகவே, 'இந்நிலம் சுத்தம்' என்று சொல்லும்போது 'எந்த உபயோகத்துக்குச் சுத்தம், யாருக்குச் சுத்தம்' என்ற கேள்வி கூடவே வருகிறது. காரிலிருந்து பார்த்துப் போகிறவனுக்குப் போதுமான சுத்தம் அங்கே மீன் பிடித்து உண்கிறவனுக்குப் போதாது. மீனுண்ணாத மனிதனுக்குப் போதுமானது மீனையே உண்டு வாழும் பறவைக்குப் போதாது.

இதே உண்மையை அந்நாட்டின் மறுகோடியிலும் காணலாம். வடமேற்கிலுள்ள வாசிங்டன் மாநிலத்தில் அப்பிள் தோட்டங்கள் ஏராளம். டி.டி.ரி. வருமுன் அங்கே ஈயமும் ஆசனிக்கும் சேர்ந்த மருந்தை 1940கள்வரை மரங்களுக்கு அடித்தார்கள். ஈயமும் ஆசனிக்கும் மூலகங்கள். அவை எக்காலத்திலும் சிதைவதில்லை. பின்னாளில் அத்தோட்டங்கள் சில வீட்டு நிலங்களாயின. சில பள்ளிக்கூடங்களும் விளையாட்டு மைதானங்களுமாயின. அங்கே ஓடியாடும் பிள்ளை மண்ணைத் தொட்ட கையை வாயில் வைக்கும். வளர்ந்தவனுக்கு வராத ஆபத்து அப்பிள்ளைக்கு வரும். ஆகவே பள்ளி நிலங்களுக்கு முதலிடம் கொடுத்து, மண்ணை ஆழ உழுது கலந்தும், அகற்றியும், நல்ல மண்ணால் மூடிப் புல் வளர்த்தும் திருத்தினார்கள். மிகச் சிறியவனை அளவுகோலாக வைத்து நிலத்தை அளப்பதே நியாயமான அளவு என்பதை இது காட்டுகிறது. சராசரி மனிதனுக்குத் தீங்கில்லை என்பது கணக்காளனின் ஆறுதல். ஒரு தாய் தன் பிள்ளையைச் சராசரியாகப் பார்ப்பதில்லை.

எண்ணப்படாத உயிர்கள்

மறுபடியும் அப்பொப்காவுக்கு வருவோம். 1998இல் கமங்கள் மூடப்பட்டபோது வேலையிழந்தோர் சுமார் 2,500 பேர். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். ஹெயிற்றியிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் வந்தவர்களும் இருந்தார்கள். தாயும் மகளும் பேத்தியும் ஒரே வயலில் தலைமுறை தலைமுறையாகச் சோளம் முறித்த குடும்பங்கள் உண்டு. தாங்கள் வேலைசெய்துகொண்டிருக்கும்போதே தலைக்கு மேலாக விமானம் பறந்து மருந்து தெளித்ததென்றும், அதே கையோடு உணவு உண்டதாகவும் அவர்களிற் பலர் சொல்லியிருக்கிறார்கள். நிலச் சொந்தக்காரர் நிலத்துக்கு விலை பெற்றனர். கூலியாட்களுக்குக் கிடைத்தது சொற்பம் என்பது அவர்களுடைய தீராத முறைப்பாடு. வேறு தொழிலறியாத பலர் அயலிலிருந்த பூஞ்செடிப் பண்ணைகளுக்கு வேலைக்குப் போனார்கள். அங்கும் மருந்துதான்.

பறவைகள் செத்த செய்தி வந்தபோது இம்மக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சில மாதம் அந்த மண்ணிலே தங்கிய பறவைக்கு இக்கதியென்றால், ஆயுள் முழுவதும் அதில் முழந்தாளிட்டு வேலைசெய்த எங்கள் கதி என்ன? நியாயமான கேள்வி. மூட்டுநோய், தோல்நோய், சிறுநீரக நோய், லூப்பஸ் என்னும் கொடிய நோய் ஆகியன தம்மிடையே மலிந்திருப்பதாக அவர்கள் சொன்னார்கள். 2006இல் புளோரிடா கமத்தொழிலாளர் சங்கம் அவர்களை விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பின்னர் பெண்கள் சிலர் கூடி, இறந்துபோன தொழிலாளரின் நினைவாகத் துணித்துண்டுகளில் உருவங்களைத் தைத்து இணைத்துப் போர்வைகள் செய்தார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு மனிதனின் அல்லது மனுஷியின் கதை. கல்லிலே பெயர் வெட்டப்படாதவர்களுக்கு நூலிலே நினைவுச்சின்னம்.

பறவைகளுக்காக விசாரணை நடந்தது ஏன்? தேசாந்தரம் செல்லும் பறவைகளைக் காக்கும் சட்டமும் அருகிவரும் இனங்களைக் காக்கும் சட்டமும் இருந்தன. அவை இருந்தது நல்லதே. கமத்தொழிலாளியின் நிலை வேறு. சங்கம் அமைக்கும் உரிமைபற்றி 1935இலும், கூலி, வேலைநேரம் ஆகியனபற்றி 1938இலும் அமெரிக்கா இயற்றிய பெருஞ் சட்டங்கள் அவனைத் தம் வாயிலுக்கு வெளியே நிறுத்தியே தொடங்கின. ஆகவே பறவை செத்தால் பதில் சொல்ல ஓர் அலுவலகம் இருந்தது. தொழிலாளி செத்தால் அழுவதற்கு அவன் வீடு மட்டுமே இருந்தது. பறவைக்குக் காட்டிய கவனத்தைக் குறைக்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அதே கவனம் மனிதன்வரை ஏன் நீளவில்லை என்றே கேட்கிறோம்.

குற்றம் வேறு, கடன் வேறு

இனி நீதிக் கேள்விக்கு வருவோம். இதிலே குற்றவாளி யார்? சதுப்பை வடித்தது யுத்தகால அரசாங்கம். நாட்டுக்கு உணவு வேண்டுமென்று செய்தது. மருந்தடித்தது கமக்காரர், அக்காலத்து விஞ்ஞானம் நல்லதென்று சொன்னதைச் செய்தனர். மலிவு விலையிற் சோளம் வாங்கி உண்டவர்கள் இலட்சக்கணக்கானோர். நீர் விட்ட அதிகாரிகளும் நல்ல நோக்கத்தோடுதான் விட்டார்கள். விரலை நீட்டிக் காட்டுவதற்கு ஒரு பாதகன் இல்லை. பாதகன் இல்லாதபோது நம் மனம் விரைவில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: 'யாரும் குற்றஞ் செய்யவில்லை, எனவே யாரும் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை.' இந்த 'எனவே' என்ற சொல்லிலேதான் பிழை இருக்கிறது.

நம் ஊர்களிலே வேலி வழக்கு அறியாதவர் இல்லை. பாட்டன் காலத்தில் வேலி அடைக்கும்போது கதிகால்கள் இரண்டு முழம் அயற் காணிக்குட் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். பேரனுக்கு அது தெரியாது. தன் நிலமென்றே நம்பி அதில் வாழை வைத்தான், குலை வெட்டினான், விற்றான். அவனைக் கள்ளன் என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் ஒருநாள் பழைய உறுதி கிடைக்கிறது, நிலம் அளக்கப்படுகிறது, உண்மை வெளிப்படுகிறது. அன்று முதல் அவன் என்ன செய்யவேண்டும்? 'நான் திருடவில்லை' என்பது உண்மைதான். ஆனால் நிலம் அயலானுடையது என்பதும் உண்மைதான். திருடாதவன் என்ற பெயரோடு அவன் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கவே வேண்டும். கொடுக்க மறுத்தால், குற்றம் அந்த நிமிஷத்திலிருந்து தொடங்குகிறது.

ஒழுக்கவியல் நூல்கள் நெடுங்காலமாகக் கற்பித்துவரும் வேறுபாடு இதுவே. குற்றம் என்பது மனத்தைப் பொறுத்தது: அறிந்து, விரும்பிச் செய்தானா என்று பார்ப்பது. ஈடுசெய்யும் கடமை பொருளைப் பொறுத்தது: பிறனுக்குரியது என் கையில் இருக்கிறதா, அவனது இழப்பிலிருந்து எனக்கு ஆதாயம் வந்ததா என்று பார்ப்பது. முதலாவது இல்லாதபோதும் இரண்டாவது இருக்கலாம். அப்பொப்காவிலே தொழிலாளரின் உடல்நலம் யாருடைய கைக்கு மாறியது? மலிவான கூலியாக நிலக்காரரிடமும், மலிவான மரக்கறியாக உண்டவரிடமும், இறுதியாக அழகிய உலாவெளியாக ஊராரிடமும் அது மாறியிருக்கிறது. பெற்றவர் பலர். கொடுத்தவர் சிலர். கொடுத்தவர் மனமுவந்து கொடுக்கவுமில்லை, கொடுக்கிறோமென்று அறிந்திருக்கவுமில்லை.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. அதை ஒதுக்கிவிடலாகாது. அவர்களுடைய நோய் மருந்தினால்தான் வந்ததென்று யார் நிரூபித்தார்? மூட்டுநோயும் சிறுநீரக நோயும் ஏழைகளிடையே பல காரணத்தால் வரும். வைத்தியர் ஒருவரும் தனியொருவரைக் காட்டி 'இவருக்கு இது இந்த மருந்தால் வந்தது' என்று ஆணையிட்டுச் சொல்ல முடியாது. உண்மை. ஆனால் அந்த நிரூபணம் கிடைக்காமற் போனது ஏன் என்றும் கேட்கவேண்டும். கூலிக்கு வந்து போனவர்களின் உடம்பில் எக்காலத்தில் எவ்வளவு நஞ்சு ஏறியதென்று அன்று அளந்து வைத்தவர் இல்லை. அளக்காதவர்கள் இன்று அளவு எங்கே என்று கேட்பது முறையா? மேலும், நிச்சயமின்மை என்னும் சுமையை யாராவது ஒருவர் சுமந்தே ஆகவேண்டும். அதிகாரமும் பணமும் ஆய்வுகூடமும் உள்ளவன் சுமப்பதா, அல்லது இவற்றில் எதுவுமில்லாத நோயாளி சுமப்பதா? நிலத்தின் விஷயத்தில், ஐயமிருந்தால் நீரை வடி, பொறுத்திரு, சோதித்துப் பார் என்று நடந்தார்கள். மனிதன் விஷயத்தில், ஐயமிருந்தால் விட்டுவிடு என்று நடந்தார்கள். ஒரே ஐயத்துக்கு இரண்டு நீதி இருக்கக்கூடாது.

அப்படியானால் செய்யவேண்டியது யாது?

நஞ்சுண்ட நிலத்தைப் பொது வெளியாக்குவது தவறா என்று யாராவது கேட்கலாம். தவறன்று. பெரும்பாலும் அதுவே நல்வழி. வீடு கட்டினால் பிள்ளைகள் அம்மண்ணிற் பிறந்து வளர்வார்கள். மறுபடி பயிரிட்டால் ஏரி கெடும். வேலி அடைத்துக் கைவிட்டால் காடு பற்றி, காலப்போக்கில் ஆபத்தும் மறந்துபோகும். பொது வெளியாக வைத்திருந்தால் ஒரு பொறுப்பாளன் இருப்பான், சோதனை தொடரும். ஆனால் அது நீதியோடு நடக்கவேண்டுமானால் சில கடமைகள் அதனோடு கட்டப்பட்டிருக்கின்றன.

முதலாவது, உண்மையை மறையாமை. அழகு ஓர் ஆபத்தான திரை. பச்சைப் புல்லையும் வெள்ளைப் பறவையையும் காண்கிறவன் கீழே என்ன புதைந்திருக்கிறதென்று எண்ணமாட்டான். ஆதலால் இங்கே முன்பு என்ன நடந்தது, மண்ணிலே என்ன இருக்கிறது, எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதை, எழுத்தறிவு குறைந்தவனும் விளங்கும்படி, அங்கு வருவோர் பேசும் எல்லா மொழிகளிலும் சொல்லிவைக்க வேண்டும். காணி உறுதியிலும் அது பதியப்படவேண்டும். ஐம்பது ஆண்டின்பின் வருகிறவனுக்கு இன்றைய அதிகாரியின் ஞாபகம் உதவாது.

இரண்டாவது, அவசரமின்மை. அப்பொப்காவின் முதற் பாடம் இதுவே. நல்ல காரியத்தை விரைந்து முடிக்கவேண்டுமென்ற ஆசை தீய நோக்கமுள்ளவனைப்போலவே கேடு செய்யக்கூடும். சிறிதாகத் தொடங்கி, சோதித்து, கண்டதைக்கொண்டு திருத்தி நடப்பவனுக்குப் பெயர் கிடைக்கத் தாமதமாகலாம். ஆனால் அவன் கையால் 676 உயிர்கள் போவதில்லை.

மூன்றாவது, திருத்தச் செலவின் கணக்கிலே மனிதரையும் சேர்த்தல். நிலத்தின் விலை, அணையின் செலவு, கலப்பையின் கூலி எல்லாம் எழுதப்படுகின்றன. அந்நிலத்தில் வேலைசெய்தவர்களை வைத்தியர்கள் பரிசோதிப்பதற்கும், அவர்கள் வேறு தொழில் கற்பதற்கும் ஆகும் செலவு அதே கணக்கில் முதல்வரியாக இருக்கவேண்டும். அதைப் பிச்சையாகவன்றி, திருப்பிக் கொடுக்கும் கடனாக எழுதவேண்டும். பிச்சைக்கு நன்றி எதிர்பார்க்கப்படும். கடனைத் திருப்பிக் கொடுக்கிறவன் நன்றியை எதிர்பார்ப்பதில்லை.

நான்காவது, நினைவைக் காத்தல். அந்தப் பாதையில் ஊர்ந்து செல்லும் குடும்பங்களுக்கு ஒவ்வொரு பறவையின் பெயரையும் சொல்லிக்கொடுக்கப் புத்தகங்கள் இருக்கின்றன. அதே வயலில் முதுகு வளைத்தவர்களின் பெயரையும் யாராவது சொல்லிக்கொடுக்கட்டும். அந்தப் பெண்கள் தைத்த போர்வைகள் ஊர்தோறும் கொண்டுசெல்லப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஊசியும் நூலும் எடுத்து அவர்கள் செய்தது உண்மையில் ஓர் அரசாங்கம் செய்யவேண்டிய வேலை.

மண்ணுக்குச் செய்யும் நன்மையும் மனிதனுக்குச் செய்யும் நீதியும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல. ஒன்றைச் செய்துவிட்டோம் என்பதால் மற்றது தீர்ந்துவிடவுமில்லை. அப்பொப்காவில் நிலம் மெல்லக் குணமடைந்து வருகிறது. ஏரி நீரின் பொசுபரசும் முன்னையிலும் குறைந்திருக்கிறது. அதற்காக உழைத்தவர்களைப் பாராட்டவேண்டும். ஆனால் நோயுற்ற பழைய தொழிலாளரும் வருடந்தோறும் ஒருவர்பின் ஒருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். நிலத்துக்கு நூறு ஆண்டுகள் பொறுத்திருக்க முடியும். மனிதனுக்கு அந்த அவகாசம் இல்லை. கடன்பட்டவர் கடைசிக் கடன்கொடுத்தவன் கண்மூடும்வரை தவணை சொல்லிக்கொண்டிருந்தால், கணக்குப் புத்தகத்தில் வேண்டுமானால் கடன் அழிந்துபோகும். நீதியின் முன் அது அழிவதில்லை.

நம் இல்லங்களிலே உண்ணும் ஒவ்வொரு பிடி உணவுக்குப் பின்னாலும் ஒரு நிலமும் சில கைகளும் இருக்கின்றன. அந்த நிலம் எப்படி இருக்கிறதென்று கேட்பது நல்ல பழக்கம். அந்தக் கைகள் எப்படி இருக்கின்றனவென்று அதற்கு முன்னே கேட்பது அதனிலும் நல்ல பழக்கம்.